அட்டவணையில் இல்லாத கட்டம்

சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டியதும் வங்கி நம்மோடு பேசும் குரல் மாறிவிடும். அதுவரை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு "மேடம், பர்சனல் லோன் வேணுமா?" என்றவர்கள், அதற்குப் பிறகு "இப்ப பேசலாமா, பிஸியா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று ஒருவர் முளைப்பார். பிறந்தநாளுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு மறந்துபோகிற தேதி அது.

எனக்கு இது 2022 கடைசியில் நடந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதிமூன்று வருடம் வேலை பார்த்த பிறகு ஒரு பதவி உயர்வு. அதோடு மூன்று விஷயங்கள் வந்தன: தோள்வலி, பத்துப் பேர் கொண்ட ஓர் அணி, பிரீமியம் கிரெடிட் கார்டு வாங்கும் தகுதி. முதல் இரண்டைப் பற்றிப் பேச ஆபீஸில் யாருக்கும் ஆர்வமில்லை. மூன்றாவதைப் பற்றி மதியச் சாப்பாட்டு மேசை நாள் முழுக்கப் பேசும். எந்தக் கார்டில் என்ன கிடைக்கும், எந்த லவுஞ்சில் தோசை நன்றாக இருக்கும், யார் பாயிண்டிலேயே சிங்கப்பூர் போய்வந்தார்கள் என்று.

நான் ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தாலும் அட்டவணை போட்டுப் பார்க்கிற ஆள். 2023 தொடக்கத்தில் பதினேழு தலைப்புகளோடு ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தேன். ஆண்டுக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வருடத்துக்கு எவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி, நூறு ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு என்ன மதிப்பு, விமான மைலாக மாற்றினால் என்ன விகிதம், வெளிநாட்டில் தேய்த்தால் எவ்வளவு கூடுதல், லவுஞ்சுக்குக் கூட வருகிறவர்களை இலவசமாக அழைத்துப் போகலாமா என்று வரிசையாக. அந்த அட்டவணை ஆபீஸில் கைமாறிக் கைமாறி, எங்கள் தளத்தில் எனக்கு 'கார்டு அக்கா' என்ற பெயரே வந்துவிட்டது. ஊரில் சொந்தக்காரர்கள் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அதனால் பிற்பாடு ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

இந்த ஒப்பீட்டில் முதலில் புரிய வேண்டியது, பாயிண்ட் பணம் மாதிரித் தெரிந்தாலும் பணம் இல்லை என்பது.

எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியாவை எடுத்துக்கொள்வோம். மேல்தட்டுக் கார்டுகளைப் பற்றிப் பேசினால் இந்தியாவில் அந்தப் பெயர் வராமல் இருக்காது. விண்ணப்பம் போட்டு வாங்க முடியாது, வங்கியே அழைத்துக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த காலத்தில் ஆண்டுக் கட்டணம் 12,500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 14,750. கட்டணம் கட்டினால் 12,500 பாயிண்ட் திரும்ப வரும். வருடத்துக்குப் பத்து லட்சம் செலவு செய்தால் அடுத்த வருடக் கட்டணமே கிடையாது. ஒவ்வொரு 150 ரூபாய்க்கும் ஐந்து பாயிண்ட். அந்த வங்கியின் தளம் வழியாக விமான டிக்கெட், ஓட்டல் அறை எடுத்தால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். பரிசுப் பொருளோ சில வவுச்சரோ வாங்கினால் ஐம்பது பைசா. பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் முப்பது பைசா.

ஆக, பத்து லட்சம் செலவு செய்தவருக்கு 33,333 பாயிண்ட் வரும். அது டிக்கெட்டாக மாறினால் 33,333 ரூபாய். பில்லில் கழித்தால் பத்தாயிரம் ரூபாய். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். காலைச் சந்தையில் ஒரு விலை, பொழுது சாய்ந்தால் ஒரு விலை என்று விற்கிற கத்தரிக்காய் மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், சந்தையில் விலை நம் கண்முன் இறங்கும். இங்கே அதைக் கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவாகும். அந்த ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கத் தெம்பும் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் முழு ரூபாய்.

இதற்கு மேலே இன்னொரு தட்டு இருக்கிறது. ஆக்சிஸ் ரிசர்வ் கார்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்தால் எழுபதாயிரத்தைத் தாண்டும். இங்கே பாயிண்ட் கணக்கு பின்னால் போய்விடுகிறது. பெரிய ஓட்டல் குழுமங்களில் உயர்நிலை உறுப்பினர் தகுதி, காலியாக இருந்தால் பெரிய அறை, வரவேற்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, உணவகத்தில் இடம் பிடித்துக் கொடுக்கப் போனில் ஒரு ஆள். அப்புறம், கார்டு உலோகத்தில் இருக்கும். மேசையில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும்.

நான் அட்டவணை போட்ட வருடத்தின் நாயகன் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ். மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 பாயிண்ட் தனியாகக் கொடுத்தார்கள். வழக்கமான கணக்கில் 200 ரூபாய்க்கு 12 வீதம் ஒரு லட்சத்துக்கு 6,000. மொத்தம் 31,000. ஐந்து பாயிண்டுக்கு நான்கு மைல் என்று விமான நிறுவனங்களுக்கு மாற்றினால் 24,800 மைல். ஒரு லட்சம் செலவுக்கு இது! மேசையில் எல்லோரும் மாதாமாதம் அந்த ஒரு லட்சத்தைத் தொடுவதற்கு வழி தேடினார்கள். இன்சூரன்ஸ் பிரீமியத்தை மாதம் பார்த்துக் கட்டினார்கள். ஒருவர் தன் மச்சான் கல்யாணத்து மண்டபம், சமையல், பந்தல் எல்லாவற்றையும் தன் கார்டில் தேய்த்துவிட்டு மச்சானிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ஜப்பான், துருக்கி என்று பேச்சு போனது.

2023 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து அந்த 25,000 கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு என்பது ஐந்துக்கு இரண்டு ஆனது. ஆண்டுக் கட்டணம் பத்தாயிரத்திலிருந்து 12,500 ஆனது. அறிவிப்பு வந்த அன்று சாப்பாட்டு மேசை சாவு வீடு மாதிரி இருந்தது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கிறது. 2016இல் சேஸ் வங்கி 450 டாலர் கட்டணத்தில் சஃபையர் ரிசர்வ் என்ற கார்டைக் கொண்டுவந்து, சேர்ந்தவர்களுக்கு ஒரு லட்சம் பாயிண்ட் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் உலோகக் கார்டு கையிருப்பு தீர்ந்துபோய், தற்காலிகமாக பிளாஸ்டிக்கில் அனுப்பினார்கள். அங்கேயும் அந்த ஒரு லட்சம் சில மாதங்களில் பாதியாகிவிட்டது.

எங்கள் மேசையில் கோபப்பட்டவர்கள் 'ஏமாத்திட்டாங்க' என்றார்கள். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. இவ்வளவு நாள் எப்படிக் கொடுத்தார்கள்?

*

கிரெடிட் கார்டுக்கு இரண்டு பரம்பரைகள் உண்டு. இரண்டையும் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

முதல் பரம்பரை நியூயார்க்கில் 1950இல் தொடங்கிய டைனர்ஸ் கிளப். ஃப்ராங்க் மெக்நமாரா என்ற வியாபாரி ஓர் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, பர்ஸைக் கொண்டுவர மறந்ததைக் கவனித்து சங்கடப்பட்டார், அதில் பிறந்த யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள். விளம்பரத்துக்காகக் கட்டிய கதை அது என்று, அந்த நிறுவனத்துக்கு விளம்பர வேலை பார்த்தவரே பின்னாளில் சொல்லிவிட்டார். கதை எப்படியோ, ஏற்பாடு தெளிவானது. முதல் கார்டுகள் வெறும் காகித அட்டை. சாப்பிட்டவர் கையெழுத்துப் போட்டால் போதும், மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். பில் தொகையில் 7 சதவீதத்தை உணவகம் டைனர்ஸுக்குக் கொடுத்தது. அதாவது, வசதியானவர் கையில் காசில்லாமல் சாப்பிடும் சௌகரியத்துக்கு, பரிமாறியவர் பணம் கொடுத்தார்.

இரண்டாவது பரம்பரை 1958 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் தொடங்கியது. பேங்க் ஆஃப் அமெரிக்கா அங்கே சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, கார்டைத் தபாலில் அனுப்பியது. இதில் மாதக் கடைசியில் முழுசாகக் கட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளிப்போடலாம். அந்தக் கார்டுதான் பின்னாளில் விசா ஆனது.

இன்று இரண்டும் ஒரே கார்டுக்குள் இருக்கின்றன. தேதிக்குள் முழுசாகக் கட்டினால் நாம் டைனர்ஸ் கிளப் ஆள். கட்டாமல் விட்டால் ஃப்ரெஸ்னோ ஆள். அமெரிக்கக் கார்டு தொழிலில், மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிற வாடிக்கையாளருக்கு 'டெட்பீட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊர் வழக்கில் அந்தச் சொல்லுக்குக் கடன் வாங்கிவிட்டுக் கைவிரிப்பவன் என்று பொருள். ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயரை வைத்த தொழிலுக்கு யார் நல்ல வாடிக்கையாளர் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

*

அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக் கடை. 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கும். அந்தப் பலகை எல்லோருக்குமானதல்ல என்பது எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். ஏனென்றால் பற்று நோட்டில் மாதக் கடைசிக் கூட்டல் போடுகிற வேலை என்னுடையது.

டாக்டர் வீடு, மில் மேனேஜர் வீடு, தலைமையாசிரியர் வீடு, ஜவுளிக்கடைக்காரர் வீடு. இப்படிப் பன்னிரண்டு, பதினைந்து நோட்டுகள். இவர்கள் வீட்டுப் பையன் வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும், மூட்டையாகச் சாமான் வீட்டுக்கே போய்விடும். ஐந்தாம் தேதிக்குள் பணம் வரும். சில மாதம் இருபதாம் தேதி கூட ஆகும், அப்பா கேட்க மாட்டார். வட்டி என்ற பேச்சே கிடையாது. புது வருடத்துக்குப் பெரிய காலண்டர், தீபாவளிக்கு ஒரு கிலோ இனிப்பு.

தறி ஓட்டுகிறவர்கள் சாயங்காலம் வருவார்கள். ஐந்து ரூபாய்க்கு எண்ணெய், மூன்று ரூபாய்க்கு மிளகாய்த்தூள், பொட்டலமாகத்தான் வாங்குவார்கள். கூட்டிப் பார்த்தால் மூட்டை விலையைவிட அவர்கள் கொடுக்கிற விலை கூடுதல். கடன் கிடையாது. ரொம்பத் தெரிந்தவர்களாக இருந்தால் சனிக்கிழமை கூலி வாங்கும் வரைக்கும். தவணை தப்பினால் அடுத்த வாரம் பலகையைக் காட்டுவார்.

நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அப்பா பதில் சொல்ல யோசிக்கவே இல்லை. "குடுத்தா வந்துரும்னு தெரிஞ்ச எடத்துல வட்டி எதுக்குப் பாப்பா? வருமோ வராதோங்கிற எடத்துலதான் சேத்து வாங்கணும். இல்லேன்னா கடை நிக்காது."

அப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியாது. உலகத்தில் எல்லா வங்கியும் இந்த இரண்டு வரியை வைத்துத்தான் நடக்கிறது.

கார்டு தேய்க்கிற மிஷினை அப்பா கடைசிவரை வைக்கவில்லை. மிஷின் வைக்கச் சொல்லி வந்த பையன் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்துக்கொள்வோம் என்று சொன்னதும், "சீனில எனக்கு நிக்கிறதே கிலோவுக்கு ஒரு ரூவா தம்பி. அதுல எம்பது காசை நீ எடுத்துக்கிட்டா நான் எதுக்குக் கடை தெறக்கணும்?" என்று டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். யூபிஐ வந்தபோது உடனே வைத்தார். 2020 ஜனவரியிலிருந்து அதற்குக் கடைக்காரரிடம் எந்தக் கட்டணமும் பிடிக்கக்கூடாது என்று அரசே சொல்லிவிட்டதால் அதில் அவருக்குத் தகராறு இல்லை.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது என் கார்டைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார். பதினைந்து கிராம் காட்டியது. "கசகசா வெலை இருக்கும் போல" என்றார். பிறகு இது எப்படிக் காசு கொடுக்கிறது என்று கேட்டார். நூற்றுக்கு மூன்று ரூபாய் முப்பது காசு வரைக்கும் திரும்ப வரும் என்று விளக்கினேன். கடைக்காரர் கொடுக்கிற இரண்டு ரூபாயில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் என்றும் சொன்னேன்.

அப்பா மனக்கணக்கில் கெட்டி. "சரி, என்னை மாதிரி ஒருத்தன் ரெண்டு ரூவா குடுக்குறான். மிச்சம் ஒண்ணேகால் ரூவாய யாரு குடுக்குறா?"

*

நேர்மையாகச் சொன்னால் அந்த ஒண்ணேகால் ரூபாய் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எல்லோரும் பாயிண்டை முழு மதிப்பில் எடுப்பதில்லை. நிறையப் பேர் முப்பது பைசாவுக்குக் கழித்துக்கொள்கிறார்கள், பலருக்குக் காலாவதியாகிறது. வங்கியின் தளத்தில் டிக்கெட் எடுத்தால் அதில் கமிஷன் உண்டு. வாடகை, பெட்ரோல் மாதிரி சில செலவுகளுக்குப் பாயிண்டைக் குறைத்தோ நிறுத்தியோ விடுவார்கள். எல்லாவற்றையும்விட, கார்டு ஒரு தூண்டில். என் சம்பளக் கணக்கு, வைப்பு நிதி, வீட்டுக் கடன், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அவர்களிடமே இருக்க வேண்டும் என்பதற்காக லவுஞ்ச் தோசையை அவர்கள் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வட்டி இருக்கிறது. கட்ட முடியாமல் தள்ளிப்போடுகிறவர்கள் கொடுக்கிற வட்டி.

இதை அமெரிக்காவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 149 டாலரைத் தனக்குத் தெரியாமலேயே கார்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறது. கார்டு பயன்படுத்தும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வருகிறது. கடைக்காரர் தன் கமிஷனைப் பொருளின் விலையில் ஏற்றிவிடுகிறார், ரொக்கக்காரருக்கும் அதே விலைதான், பாயிண்ட் மட்டும் கிடையாது. பிற்பாடு வந்த இன்னோர் ஆய்வு, கார்டு வைத்திருப்பவர்களுக்குள்ளேயே பார்த்தது. விவரமாகக் கையாளத் தெரியாதவர்களிடமிருந்து தெரிந்தவர்களுக்கு அமெரிக்காவில் வருடத்துக்கு சுமார் 1,500 கோடி டாலர் கைமாறுகிறது என்று அது மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டு பரிமாற்றத்தில் வங்கிக்குப் போகும் பங்கை 0.3 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. அங்கே எங்கள் சாப்பாட்டு மேசைப் பேச்சு மாதிரி ஒன்று நடக்க வாய்ப்பு குறைவு. கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லை.

இந்த எண்களையெல்லாம் நான் படித்தது தம்பியின் போனுக்குப் பிறகுதான்.

*

தம்பி என்றால் சித்தி மகன். மதுரையில் ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கில் சூப்பர்வைசர். மாதம் 22,000 ரூபாய். 2024 ஜூனில் ஒருநாள் ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, உனக்குத்தான் கார்டு பத்தி எல்லாம் தெரியுமாமே. எனக்கு எந்தக் கார்டு எடுக்கலாம்னு சொல்லு."

எதற்கு என்றேன். இருக்கிற கார்டை அடைக்க என்றான்.

செல்போன் வாங்கப் போன கடையில் 'லைஃப்டைம் ஃப்ரீ' என்று ஒரு தனியார் வங்கியின் கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினான். சித்தி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபோது, தனியார் ஆஸ்பத்திரி பில்லில் கையிலிருந்தது போக மீதியைத் தேய்த்தான். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து பத்தொன்பது மாதமாக 'மினிமம் டியூ' மட்டும் கட்டி வருகிறான். பாக்கி 84,000.

போனில் பேசிக்கொண்டே கணக்குப் போட்டேன். வட்டி மாதம் 3.6 சதவீதம். 84,000க்கு 3,024 ரூபாய். வட்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது 544. ஆக 3,568. அவன் கட்டும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம், 4,200 ரூபாய். அசலில் கழிவது 632 ரூபாய். பெட்ரோலுக்கும் அரிசிக்கும் அதே கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் அந்த 632ம் கழியவில்லை. பழைய பாக்கி இருக்கும்போது புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அது அவனுக்குத் தெரியாது. "மினிமம் கட்டுனா போதும்னுதானக்கா மெசேஜ் வருது" என்றான்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கை பில்லில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. தம்பியின் பில்லை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில்.

வருடத்துக்கு அவன் கொடுப்பது கிட்டத்தட்ட 42,800 ரூபாய். எனக்குப் பாயிண்டாக வருவது 33,333. அவன் வங்கி வேறு, என் வங்கி வேறு. அவன் பணம் நேராக என் டிக்கெட்டாக மாறியது என்று சொன்னால் அது கதையாகிவிடும். ஆனால் இரண்டு எண்ணும் ஒரே குடும்பத்தில், ஒரே வருடத்தில், ஒரே மாதிரியான இரண்டு கார்டுகளில் இருந்தன. அப்பா கேட்ட ஒண்ணேகால் ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த பதிலில் அதுவும் ஒன்று.

அன்று ராத்திரி அவனுக்காக என் அட்டவணையைத் திறந்தேன். பதினேழு தலைப்பில் ஒன்றுகூட அவனுக்கு உதவவில்லை. வட்டி விகிதம் என்று ஒரு கட்டமே அதில் கிடையாது. எங்கள் தளத்தில் நாற்பது பேராவது அதைப் பார்த்திருப்பார்கள். லவுஞ்சில் குழந்தைக்கு எத்தனை வயது வரை இலவசம் என்று ஒரு தலைப்பு சேர்க்கச் சொன்னார்கள். வட்டி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பெரிய வீட்டுப் பற்று நோட்டில் வட்டிக்குக் கோடு போடாத மாதிரி.

பதினெட்டாவது தலைப்பாக அதைச் சேர்த்து, ஒவ்வொரு வங்கியின் விதிமுறைப் பட்டியலையும் எடுத்து நிரப்பினேன். சாதாரணக் கார்டுகள் பெரும்பாலும் மாதம் மூன்றரையிலிருந்து மூன்றே முக்கால் சதவீதத்துக்குள் இருந்தன. இன்ஃபினியாவுக்கு நேரே 1.99 என்று இருந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். வட்டி கட்ட வேண்டிய அவசியமே வராதவர்களுக்கு வட்டியில் கிட்டத்தட்டப் பாதித் தள்ளுபடி. அப்பாவின் இரண்டு வரி ஞாபகம் வந்தது. கணக்கு சரிதான், அப்பா இருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பார். சரியான கணக்கு என்று தெரிந்தும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

*

மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு, புதுக் கார்டு வேண்டாம், மொத்தப் பணத்தையும் நான் கட்டிவிடுகிறேன், முடிந்தபோது கொடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"வேணாங்கா. பேங்குல கடன் இருந்தா போனை எடுக்காம இருந்துக்கலாம். உன்கிட்ட கடன் இருந்தா வீட்டு விசேஷத்துக்கே வர முடியாது."

வற்புறுத்தினால் அதுவும் ஒரு மாதிரி அதிகாரம் ஆகிவிடும் என்று பட்டது. வேறு வழியைப் பேசினோம். சித்தியிடம் இரண்டரைப் பவுன் சங்கிலி ஒன்று இருந்தது. பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் அப்போது வருடத்துக்கு ஒன்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. 84,000க்கு வருடம் 7,560 ரூபாய். கார்டில் அவன் இரண்டேகால் மாதத்தில் கொடுக்கிற தொகை அது. அடகு வைப்பது கேவலம், கார்டு கௌரவம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் எப்போது வந்ததோ தெரியவில்லை. கேவலத்தின் விலை கௌரவத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சித்தியிடம் சொல்ல அவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். சித்தி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "என் இடுப்புக்குத்தான வாங்கின, என் கழுத்துலேருந்து எடுத்துக்க. இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா?" என்று கேட்டாராம். அவன் கார்டைக் கணக்கு முடித்து மூடச் சொன்னபோது, மூட வேண்டாம், லிமிட்டை ஒன்றரை லட்சமாக உயர்த்தித் தருகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "பிஸியா இருக்கீங்களான்னு கேட்டாங்கக்கா" என்று சிரித்தான்.

அந்த வருடம் டிசம்பர் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. பதினாறு வருடம் கழித்து அதை ரத்து செய்துவிட்டார்கள். வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது வாதம். செய்தியைத் தம்பிக்கு அனுப்பினேன். கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

நான் கார்டை வெட்டிப் போடவில்லை. உலோகக் கார்டை வெட்டவும் முடியாது. வைத்திருக்கிறேன், தேய்க்கிறேன், பாயிண்டில் டிக்கெட்டும் எடுக்கிறேன். நான் விட்டுவிட்டால் அந்தப் பாயிண்ட் தறிக்காரர் வீட்டுக்குப் போய்விடாது. தெரிந்த கடைகளில், சின்னக் கடைகளில் மட்டும் யூபிஐயிலோ ரொக்கமாகவோ கொடுத்துவிடுகிறேன். அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால் வந்த பழக்கம், பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

அட்டவணையைக் கேட்டு இப்போதும் வருகிறார்கள். புது வருடத்து விதிகளோடு புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: "கடைசி ஒரு வருஷத்துல எந்த மாசமாவது முழுப் பணமும் கட்டாம விட்டிருக்கீங்களா?" ஆமாம் என்றால் இந்த அட்டவணையால் உங்களுக்குப் பயனில்லை, எத்தனை பாயிண்ட் வந்தாலும் அந்த ஒரு கட்டம் தின்றுவிடும், முதலில் அதை முடியுங்கள் என்று சொல்லிவிடுவேன். இதுவரை பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் நல்ல சம்பளக்காரர்கள், மூன்று பேருக்கு என்னைவிட அதிகம். நான்கு பேர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் எல்லோருக்கும் நடக்கிறதுதானே என்றார். வீட்டுக் கடன், கார் கடன், பிள்ளையின் இன்டர்நேஷனல் பள்ளி என்று ஓடுகிற ஆள், எங்கள் தளத்திலேயே கனமான கார்டு வைத்திருப்பவர், சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நகைக்கடனுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டார்.